ஸ்ட்ரெச்சரை விடாத கை

ஓரிடத்தில் நிலைகொள்ளாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். இனக்கலவரத்தில் கண்டியில் எங்கள் வீட்டைக் கொளுத்தியபோது எனக்குப் பத்து வயது. கடையில் இருந்த அப்பா திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் அகதிகளாகப் படகேறி வந்து, முகாம் முகாமாக மாறி, தர்மபுரி மாவட்டத்தில் ஒதுங்கினோம். இன்றும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சிங்களக் கதைகளைத் தமிழில் மொழிபெயர்க்கிறேன். கொளுத்தினவன் பாஷையைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய் என்று முகாமில் கேட்காத ஆள் இல்லை. அந்தப் பாஷையில்தான் நான் நொண்டி விளையாடினேன், அதையும் எதற்கு அவனுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். வீம்புக்குத்தான் தொடங்கினேன். பிறகு பிடித்துப்போயிற்று. முகாம்காரர்களுக்காக ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று அலைகிற வேலையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

போன மாதம் தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து தெரிந்த நர்ஸ் போன் செய்தாள். பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்த வயதான சிங்களத் தம்பதியின் கார் தொப்பூர் கணவாயில் லாரியில் மோதிவிட்டதாம். அவர்கள் பேசுவது அங்கே யாருக்கும் புரியவில்லையாம். பாலக்கோட்டு பஸ்ஸில் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெரியவருக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். அந்தம்மாவோ ஸ்ட்ரெச்சரை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே அனுப்ப மறுத்தாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, கதைகளில் செய்கிற மாதிரியே அவளாகவே நின்று டாக்டரிடம் தமிழில் சொன்னேன்.

“என் மகன் பட்டாளத்துல இருந்தான். செத்தப்போ பெட்டிய மூடித்தான் குடுத்தாங்க. தொறக்க விடல. இவரையும் கண்ணுக்கு மறைவா அனுப்ப மாட்டேன்.”

போன் செய்த நர்ஸ் அப்போதுதான் உள்ளே வந்தாள். நான் சொன்னது மட்டும் காதில் விழ, பதறிப்போய் என் தோளைப் பிடித்தாள். “உங்க பையனாக்கா? இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியேங்க.”

எனக்குப் பிள்ளையே இல்லை. அந்தப் பையன் யாரைச் சுடப் போனான் என்று எனக்குத் தெரியாதா? ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. அந்தம்மாவிடம் சிங்களத்தில் வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

“நான் தமிழ். கண்டியில் என் அப்பாவைக் கொன்றார்கள். அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை. இவரையாவது பிழைக்க விடுங்கள்.”

அந்தம்மா என்னையே பார்த்தாள். அதுவரை என்னைத் தன் ஆள் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

“உன் அப்பாவை நாங்கள் காப்பாற்றவில்லை. இவரை நீ பார்த்துக்கொள்வாயா, மகளே?”

டாக்டர் பொறுமையிழந்து, “என்னங்க சொல்றாங்க?” என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்று முதலில் அவளுக்குச் சொன்னேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து அவள் கை விலகியது.

“கூட்டிட்டுப் போங்க டாக்டர்” என்றேன். அவள் சொன்னதை மட்டும் எனக்குத் தமிழில் சொல்ல வரவில்லை.