அம்மா வாங்கிய பேண்ட் சா

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, பேண்ட் சா மெஷினின் பழைய பிளேடைக் கழற்றிய வேலை. இரண்டு சக்கரங்களைச் சுற்றி நாடாபோல் ஓடும் ரம்பம் அது. நான் மேலே இருந்த குமிழைத் திருகி விறைப்பைத் தளர்த்தினேன். அம்மா பிளேடை வெளியே இழுத்தார். அது துள்ளி விரிந்தது.

"கெட்டியா பிடிடி. விட்டா ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிடும்."

மூன்று வளையமாக மடக்குவதற்குள் கார் ஷெட்டைச் சுற்றி ஒரு நடனமே ஆடிவிட்டோம். சிரித்துச் சிரித்து அம்மாவுக்கு விக்கல் வந்தது.

அம்மா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். ஓய்வு பெற்ற அன்று பூதக்கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அரிசி சைஸுலயே காலம் போயிடுச்சு. இனிமே பெருசா ஒண்ணு செய்யணும்."

பெரிதாக என்றால் சாப்பாட்டு மேசை. வீட்டில் எல்லோரும் ஒரே வரிசையாக உட்காரும் நீளத்தில். சேமிப்பில் ஒரு மெஷின்தான் வாங்க முடியும். தப்பானது வந்துவிட்டால் மேசை கனவோடு சரி.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். நடுவில் வட்ட ரம்பம் சுழலும் டேபிள் சாதான் நேராக அறுக்கும் என்றேன். அம்மாவின் மனமோ, அறுப்பது, இழைப்பது, துளைப்பது என்று ஐந்து வேலை செய்யும் ஒரே மெஷினிடம் போய்விட்டது. சாப்பிடும்போதும் அதன் படத்தைப் பார்த்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லையே என்று அப்பாவிடம் முறையிட்டேன்.

"இது ஓடணுமில்ல" என்றார் அப்பா.

படத்தோடு வாதாடிப் பயனில்லை. அந்த மெஷினின் அளவுக்குச் செய்தித்தாள்களை ஒட்டி ஷெட் தரையில் விரித்தோம். அம்மா நீளப் பலகை ஒன்றை ஏந்தி, வாயாலேயே மோட்டாரை ஓட்டிக்கொண்டு தள்ளினார். பலகை சுவரில் இடித்தது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி, நீ எங்க நிக்கப்போற?"

அம்மா குனிந்து பார்த்தார். விளையாட்டுப் பக்கத்தின் மேல், மெஷினுக்கு நட்டநடுவே நின்றுகொண்டிருந்தார்.

அன்றே அதைக் கைகழுவினோம். டேபிள் சாவின் அளவுக்குத் தாள் விரித்தபோது இடம் போதுமானதாக இருந்தது. ஆனால் அதை வாங்கிவிட்டால் பலகை வாங்கக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இடித்த கட்டடங்களின் பழைய உத்தரங்கள் மலிவாகக் கிடைக்குமே என்றார் அம்மா. அளந்து பார்த்தேன். என் வட்ட ரம்பம் உத்தரத்தின் பாதித் தடிமனுக்கே எட்டாது. பேண்ட் சா எட்டும். பலகை பலகையாகப் பிளக்கும். அடியில் உருளை பொருத்தினால் வாசல் பக்கம் திருப்பிக்கொள்ளவும் முடியும். அறுத்த முகம் சொரசொரப்பாக இருக்கும் என்று எச்சரித்தேன்.

"இழைப்புளி எதுக்கு இருக்கு?" என்றார். முடிவாகிவிட்டது.

பட்டறைக்காரர் ஒருவர் பெரிய மெஷினுக்கு மாறுவதால் தன் பழைய பேண்ட் சாவை விற்கிறார் என்று தெரிந்ததும் ஓடினோம். நான் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்தேன், தள்ளாட்டம் இல்லை. அம்மா டார்ச் அடித்துப் பிளேடைப் பல் பல்லாகப் பார்த்தார்.

"தம்பி, ஈறு நல்லா இருக்கு. பல்லுதான் மொத்தமும் போச்சு. பாத்துக் குறைச்சுக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே குறைத்தார். வழியில் ஒரு உத்தரத்தையும் ஏற்றிக்கொண்டோம். வீடு வரும்வரை அம்மா மெஷின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

கழற்றிய பிளேடை அளவுக்காக ரம்பம் விற்கும் கடையில் கொடுத்தோம். அதே நீளத்தில் புதியதை வெட்டிப் பற்றவைத்து வெள்ளிக்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொன்னார்.

"நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றார் அம்மா. "இவ வந்து கேட்டா குடுக்காதீங்க. எனக்கு முன்னாடி ஓட்டிப் பாத்துடுவா."

வெள்ளிக்கிழமை காலை அம்மா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

உத்தரம் ஷெட் சுவரில் சாய்ந்திருக்கிறது. நேற்று அந்தக் கடை வழியாகப் போனேன். மூன்று வளையமாக மடக்கிய புது பிளேடு ஆணியில் தொங்குகிறது. நான் கேட்கவில்லை.