கண்மாயில் மிதந்த கூரை

வெள்ளத்தாய்க்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் ரங்கூன் பக்கம் இருந்தான். பதினெட்டு வருஷத்தில் அவன் வீட்டோடு இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வருவான். சாத்தூர் ரயிலடியில் இறங்கி வண்டி பிடித்து, தகரப் பெட்டியும் கம்பளியுமாகச் சோழபுரத்துக்கு வந்து சேர்வான். இரண்டு மாதம் இருப்பான். பொறவு போய்விடுவான். ஒரே மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஊருக்கு வெளியே, கண்மாயின் மேல்கரை ஓரமாக இருந்த வீட்டையும் தோட்டத்தையும் மாடுகளையும் வெள்ளத்தாய்தான் பார்த்துக்கொண்டாள்.

கடைசியாக வந்தபோது அவன் ஒரு தொழு கட்டினான். ஆறு மாடுகள் தாராளமாக நிற்கலாம். சுவர் எழுப்பக் கொத்தன் வந்தான். கூரையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. மலையிலிருந்து மூங்கில் வெட்டி இறக்கி, சட்டம் பூட்டி, பனையோலை வேய்ந்து, நார்க் கயிற்றால் ஒவ்வொரு முடிச்சாகத் தானே போட்டான். விடிந்ததும் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். வெள்ளத்தாய் கீழே நின்று மோர்ச் செம்பை நீட்டுவாள். அவன் மேலேயிருந்து கை நீட்டி வாங்குவான்.

"ஏட்டி, இங்ஙன இருந்து பாத்தா வில்லிபுத்தூர்க் கோபுரம் தெரியுது."

"தெரியட்டும்" என்பாள் அவள்.

அறுபது நாள் லீவும் அந்தக் கூரையில்தான் கழிந்தது. கடைசி ஓலையை வேய்ந்த மறுநாள் அவன் வண்டி ஏறினான். அவனை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, வாசலுக்கு எதிரே புதுக்கூரை மஞ்சளாக வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. அதை நிமிர்ந்து பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் ஆகியும், ஓலை கறுத்து மங்கியும், அந்தப் பிடிக்காமை மட்டும் மங்கவில்லை.

சீமை மகாராணி செத்துப்போன வருஷம் என்று பின்னாளில் அடையாளம் சொல்வார்களே, அந்த வருஷத்து ஐப்பசியில் புயல் வந்தது. இரண்டு நாளாக வடக்கேயிருந்து மழை கொட்டிக் கண்மாய் நிரம்பிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் மழை சட்டென்று நின்றது. எங்கும் ஒரு பச்சை வெளிச்சம். மலை மிக அருகில் வந்து நிற்பதுபோல் இருந்தது. பாறையிடுக்குகளில் வெள்ளிக் கோடுகளாக அருவிகள் தெரிந்தன. ஒரு பறவைச் சத்தம் இல்லை. வெள்ளத்தாய் அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து நின்றாள். அப்போது காற்று திரும்பி, மலையிலிருந்து இறங்கியது.

முதலில் வைக்கோல் படப்பு சரிந்தது. வைக்கோல் கற்றை கற்றையாகப் பிரிந்து மேலே எழும்பி, கொக்குக் கூட்டம் போல் போயிற்று. தோட்டத்து வாழைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு தொழுவின் கூரை, ஓரத்தில் மட்டும், கோழி இறக்கையை விரிப்பதுபோல் லேசாகத் தூக்கியது, அமர்ந்தது, மறுபடி தூக்கியது. சுவரோடு பிணைத்திருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கடைசிக் கயிறும் போனதும் கூரை முழுசாக, ஓர் ஓலை கலையாமல், மேலே எழுந்தது. என்ன செய்வதென்று யோசிப்பதுபோல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பின் கள்ளி வேலியைத் தாண்டிப் போய்க் கண்மாயின்மேல் மெல்ல உட்கார்ந்தது.

வெள்ளத்தாய் கத்தவில்லை. அவளுக்குள் ஏதோ ஒரு பாரம் இறங்கியது. இரண்டு வருஷமாகத் தலைமேல் இருந்த சுமையை யாரோ வாங்கி வைத்ததுபோல் இருந்தது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டாள். மாடுகளின் நினைவு வந்து ஓடினாள். நான்கு சுவருக்குள் ஆறு மாடுகளும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. ஆறும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை வெயில் வந்தது. கூரையில்லாத தொழுவுக்குள் அவள் சாணம் அள்ளப் போனாள். எப்போதும் இருட்டாக இருக்கும் இடம் அது. இன்று மாடுகளின் முதுகில் வெளிச்சம் விழுந்து, ஈரமான உடம்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. செவலைப் பசுவின் கழுத்தில் வெள்ளையாக ஒரு சுழி இருப்பதை அன்றுதான் பார்த்தாள். ஒரு தட்டான் உள்ளே வந்து கொம்பில் உட்கார்ந்தது. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் செத்த நேரம் சும்மா நின்றாள். எம்புட்டு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"மதினி" என்று வெளியே குரல் கேட்டது. கண்மாய்த் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சி இருளப்பசாமி நின்றிருந்தான். முழங்கால் வரை சேறு. இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"உங்க கூரை நடுத் தண்ணியில நிக்கி. பாத்தீகளா?"

"பாத்தேன்."

"அது நிக்கலை மதினி, நகருது. கலிங்கு வழியா மிச்சத் தண்ணி வெளிய போகுதுல்லா, அந்த இழுப்புக்கு மெதுவா போயிக்கிட்டிருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கலிங்கு வாய்ல போயி அடைச்சிக்கிரும். அடைச்சா கரை நிக்காது. கிட்ட வந்ததும் அருவாளால வெட்டி விட ஆளு நிப்பாட்டிருக்கேன். ஒங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் சொன்னது நியாயம்தான். கரை உடைந்தால் கீழே முந்நூறு குறுக்கம் நிலத்து நெல்லும் ஊரும் போய்விடும். சரி, வெட்டு என்றுதான் அவள் சொல்ல வாயெடுத்தாள்.

"வெட்டாத. இன்னைக்கு ஒரு பொழுது குடு" என்று வந்தது வார்த்தை.

"ஒரு பொழுதுல என்ன செய்வீக? நடுவுல ரெண்டு ஆள் ஆழம். அடியில பூராம் கருவ முள்ளு. நம்ம ஊருல எவன் போவான்?"

"பொழுது சாயிற வரைக்கும் பொறுத்துக்க" என்று மட்டும் சொன்னாள். இருளப்பசாமி தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அந்தச் சமயத்தில் ஊர்ச் சாவடியில் பிச்சை முகம்மது என்ற ஜவுளி வியாபாரி தங்கியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை; மாதம் ஒரு முறை வண்டியில் சேலைத் துணிமணி கொண்டுவந்து சுற்று ஊர்களில் விற்பார். ஓடை பெருகிப் பாதை அறுந்ததால் நான்கு நாளாக ஊரிலேயே மாட்டிக்கொண்டார். நனைந்த சேலைகளையெல்லாம் சாவடிக்கு முன்னால் கொடி கட்டி விரித்துவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சிவப்பும் பச்சையும் ஊதாவும் காற்றில் உப்பி அடங்கிக்கொண்டிருந்தன. அவருக்குச் சொந்த ஊர் கடற்கரைப் பக்கம் என்பது வெள்ளத்தாய்க்குத் தெரியும். நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அவர் சேலைகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "நடக்கப் பழகுறதுக்கு முந்தியே தெரியும் தங்கச்சி. அதை வச்சுத் துணி விக்க முடியுமா? அதான் விட்டுட்டேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து வந்து கண்மாய்க் கரையில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கூரை தொலைவில், வீடு ஒன்று தண்ணீரில் முங்கித் தலை மட்டும் தெரிவதுபோல் மிதந்தது. உச்சியில் வரிசையாக நாரைகள். சுற்றிலும் வானம் கிடந்தது. மேகங்களுக்கு நடுவே கூரை நிற்கிறதா தண்ணீரில் நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"வீட்டுக்காரருக்கு ஒரு கடுதாசி எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"எழுதி? ரங்கூன்ல இருந்து கை நீட்டிப் பிடிப்பாகளாக்கும்?"

பிச்சை முகம்மது சிரித்தார். "அப்போ கயிறு கொண்டா தங்கச்சி. எம்புட்டுக் கெடைக்குமோ அம்புட்டும்."

கிணற்றிலிருந்து தோல்சாலில் தண்ணீர் இறைக்கும் கமலை வடங்கள் நாலைந்து வீட்டில் கிடந்தன. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். தனியாகவே எல்லாம் செய்து பெயர் வாங்கியவள். அவள் வாசலில் வந்து நின்றதே அதிசயமாக இருந்ததால் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். ஐந்து வடத்தை முடிந்து ஒன்றாக்கினார்கள். புயலில் விழுந்த வாழைமரங்களில் இரண்டைப் பிச்சை முகம்மது சேர்த்துக் கட்டினார். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, வடத்தின் நுனியை இடுப்பில் சுற்றி, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். வாழைத்தண்டின்மேல் நெஞ்சை வைத்து அவர் போன போக்கில் அவசரம் என்பதே இல்லை. எங்கோ முன்பு விட்டுப்போன ஓர் இடத்துக்குத் திரும்பிப் போகிறவர்போல் போனார். அவர் கிட்டே போனதும் நாரைகள் எழுந்து ஒரு வட்டம் போட்டுவிட்டு, மறுபடியும் உச்சியிலேயே உட்கார்ந்துகொண்டன.

மூங்கில் சட்டத்தில் வடத்தைப் பூட்டிவிட்டு அவர் கையை உயர்த்தினார். இந்தப் பக்கம் வெள்ளத்தாயின் காளைகள் இரண்டும், அடுத்த தோட்டத்துக் காளைகள் இரண்டும் வடத்தில் கட்டப்பட்டிருந்தன. கிணற்றில் சால் இழுக்கிற மாதிரிதான். "ஹோ, ஹோ" என்றதும் அவை கழுத்தைத் தாழ்த்தி நடந்தன. வடம் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து நேராயிற்று. கூரை முகம் திரும்பியது. கலிங்கின் இழுப்பை விட்டுவிட்டு, நாரைகளோடு, கரையைப் பார்த்து வரத் தொடங்கியது.

கரையில் நின்ற அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு நெருப்பை அணைக்காமல் வந்த பெண்கள்கூட அசையவில்லை. வெள்ளத்தாய்க்கு மட்டும், அறுபது நாள் தனக்கு முதுகைக் காட்டி இருந்தது இன்று முகம் காட்டி வருவதுபோல் இருந்தது.

பாதித் தூரத்தில் அது கருவேல மரங்களில் மாட்டியது. தண்ணீருக்கு மேல் மரத்தின் தலை மட்டும் தெரிகிற இடம். காளைகள் இழுத்தன. ஒரு பெரிய முறியல் சத்தம். நாரைகள் பறந்தன. மூங்கில் சட்டம் ஓலையைக் கிழித்துக்கொண்டு வடத்தோடு வந்துவிட்டது; ஓலைப் பரப்பு முழுதும் மரங்களுக்கு நடுவே சிக்கி அங்கேயே நின்றுவிட்டது.

இருளப்பசாமி ஓடிவந்து பார்த்தான். "அது இனி அசையாது மதினி. அங்ஙனயே கெடக்கட்டும். கலிங்குக்குப் பயமில்லை" என்றான். சொல்லிவிட்டு, கரையிலேயே ஒரு மரத்தடியில் படுத்து உடனே தூங்கிப்போனான்.

முள் கீறிய கைகளோடு பிச்சை முகம்மது கரையேறினார். வெள்ளத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பாதை சரியாகி அவர் கிளம்பும்போது ஒரு செம்பு நெய்யை வண்டியில் வைத்தாள். "பாதிக் கூரையைத்தான கொண்டாந்தேன், முழுச் செம்பு நெய்யா?" என்றார் அவர்.

மூங்கில் கைக்கு வந்தது. அதைக் கழுவிக் காயவைக்கும்போதுதான் புருஷன் போட்ட முடிச்சுகளை அவள் பக்கத்தில் பார்த்தாள். ஒன்றுகூட இளகவில்லை. சட்டத்தையும் ஓலையையும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியவன், கூரையைச் சுவரோடு மட்டும் ஏனோதானோ என்று கட்டியிருந்தான். அன்று கடைசி நாள். மறுநாள் சாத்தூர் போக வேண்டும் என்ற நினைப்பில் கை ஓடியிருக்காது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதே சட்டத்தில் புது ஓலை வேயச் செய்து, சுவருக்கு வெளியே ஆறு கருங்கல்லைப் புதைத்து, வடத்தால் கூரையை அவற்றோடு பிணைக்கச் செய்தாள். இந்த முறை கூரையை ஒரு முழம் தாழ்த்தினாள். கிழக்குச் சுவரில் வெளிச்சம் வர ஒரு திறப்பு விட்டாள். கொத்தன், "மாட்டுக்கு எதுக்கு சன்னல்?" என்று கேட்டான். "எனக்கு" என்றாள்.

கண்மாயில் மாட்டிய ஓலைப்பரப்பு கார்த்திகையில் பச்சை பிடித்தது. கூரையின் உட்பக்கம் விதைக்காக அவள் கட்டித் தொங்கவிட்டிருந்த கம்பங்கதிர்கள் ஈரத்தில் முளைத்துவிட்டன. மார்கழியில் முழங்கால் உயரம். தை பிறந்தபோது தண்ணீருக்கு நடுவே கதிர் தள்ளிக் காற்றில் ஆடியது. யாரும் அறுக்கப் போகவில்லை. குருவிகள் தின்றன, நீர்க்கோழி குஞ்சு பொரித்தது. அவள் தினமும் காலையில் சாணம் அள்ளி முடித்துத் திறப்பு வழியாகப் பார்ப்பாள். வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி, சித்திரையில் அது மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது.

ஆடி மாதம் சுந்தரபாண்டியன் வந்தான். தலையில் நரை ஏறியிருந்தது. பெட்டியை இறக்கியதும் தொழுவைப் பார்த்தான்.

"ஏட்டி, என் கூரை எங்க?"

அவள் கண்மாயைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் காய்ந்த கண்மாய்க்குள் இறங்கி நடந்தான். வெடித்த வண்டல் மேல் கால் வைத்து அவளும் பின்னால் போனாள். ஓலை மக்கி, தாளும் சருகுமாக மெத்தைபோல் ஒரு மேடு. அவன் ஏறி உட்கார்ந்தான். பிறகு கையை நீட்டினான். அவள் செத்த நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் பிடித்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்ஙன இருந்து கோபுரம் தெரியல" என்றான்.

"தெரியலைன்னா என்ன?" என்றாள்.

ஆடுகள் மேய்ந்தபடி அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் மட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த லீவில் அவன் எதையும் கட்டவில்லை. ஆண்டாள் தேர் ஓடிய அன்று வண்டி கட்டி இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். பஜாரில் பிச்சை முகம்மதுவின் கடை வாசலில் சுந்தரபாண்டியன் கைகூப்பி நின்றான். அவர் அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, வெள்ளத்தாயைப் பார்த்து, "என்ன கலர் எடுக்கட்டும் தங்கச்சி?" என்று கேட்டார். அவள் வெகுநேரம் பார்த்து, கம்பம்பயிர்ப் பச்சையில் ஒன்று எடுத்தாள்.