பதினொரு பிள்ளைகளும் லீவு போட்டவளும்

பிள்ளைகள் காப்பகத்தில் எல்லாருக்கும் அவள் அத்தைதான். கொண்டுவிட வரும் அப்பா அம்மாக்களுக்கும் கூட. ஆறு மாதப் பயிற்சி, பத்தொன்பது வருட வேலை. அழுகிற பிள்ளையைக் கொஞ்ச மாட்டாள். கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவாள். மூன்றாம் நாள் அது தானே கைகழுவித் தட்டோடு வந்து உட்காரும்.

தொற்று பரவிக் காப்பகம் பூட்டப்பட்ட பிறகு, தினமும் காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போன் செய்தாள். எப்போது எழுந்தது, என்ன சாப்பிட்டது, வயிறு போனதா, மதியம் தூங்கியதா. மிளகு என்று எல்லாரும் கூப்பிடும் ஐந்து வயதுப் பெண்ணின் வீட்டில் அப்பாதான் எடுப்பார். லாரி ஓட்டுகிறவர், வேலை நின்றிருந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுவந்துவிடுவோமோ என்று பயந்து அங்கேயே தங்கிவிட்டாள்.

"அவளுக்கென்ன அத்தே, நாள் பூரா தனியா விளையாடிட்டிருக்கா," என்பார் அப்பா.

அத்தை 'நலம்' என்று குறித்துக்கொள்வாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பதினாறாம் நாள் அவரே கூப்பிட்டார். "மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல. தண்ணி மட்டும்தான். நாளைக்கும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணணும்னு டாக்டர் சொல்றார். இப்ப இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இவள எப்படி அத்தே கூட்டிட்டுப் போறது?"

"வாயில திணிச்சீங்களா?"

"துப்பிட்டா."

"இனிமே திணிக்காதீங்க. வர்றேன்."

மதிய வெயிலில் தெருவில் ஒரு நாய் கூட இல்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. தன் செருப்புச் சத்தம் தன்னையே பின்தொடர்வதுபோல் இருந்தது அத்தைக்கு. உள்ளே போகக்கூடாது என்பதால் முகக்கவசத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"கண்ணத் திறந்தா எனக்குத் தெரியும். தலைக்குப் பின்னாலயும் எனக்குக் கண்ணு இருக்கு."

உள்ளேயிருந்து வந்தது அத்தையுடைய குரலேதான். அவள் இழுக்கிற இழுப்பு, நடுவில் அவள் செருமுகிற செருமல். அத்தை எட்டிப் பார்த்தாள்.

அறைக்குள் பதினொரு துண்டுகள் இரண்டு வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. சுவரோரமாகப் பதினொரு டப்பா மூடிகள், கழுவிக் கவிழ்த்தபடி. இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு, மெலிந்துபோன மிளகு நடுவில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டின் முன் குனிந்தாள். "அந்தப் பக்கம் திரும்பிப் படு," என்றாள். காத்திருந்தாள். திரும்பிப் படுத்துவிட்டதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். துண்டு எதையும் மிதிக்கவில்லை.

"இதைத்தான் விளையாட்டுன்னு சொன்னீங்களா?" என்றாள் அத்தை மெல்ல, வாசற்படியில் நின்ற அப்பாவிடம்.

அத்தை ஜன்னல் கம்பியைத் தட்டினாள். "மிளகு எங்க?"

சிறுமி திரும்பினாள். முகத்தில் அடையாளம் தெரிந்த சாயலே இல்லை. "அவ லீவு. ஆஸ்பத்திரி வீட்டுப் பிள்ள. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்."

"சாப்பாடு?"

"லீவு போட்டவளுக்கு ஏது தட்டு?"

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை மாறவில்லை. காப்பகம் கடைசியாகத் திறந்திருந்த நாளில், மற்ற பதினொரு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பிள்ளையையும் இவள் அம்மாவையும் வாசலில் நிறுத்தி அத்தை சொன்னவை அவை. சொல்லிவிட்டு வருகைப் பதிவில் 'லீவு' என்று எழுதினாள். மறுநாள் பூட்டியதில் அதை மாற்ற நாளே வரவில்லை.

'நான்தான் அத்தை' என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். அப்படியானால் உள்ளே நிற்பது யார்? அந்தக் கேள்வியைக் குழந்தை தலையில் போடக்கூடாது. காப்பகத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாறும். போகிறவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் இடுப்புத் துணியை அவிழ்ப்பாள்.

"டூட்டி மாத்த வந்திருக்கேன்," என்றாள்.

சிறுமி இடுப்பில் கைவைத்தாள். "மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?"

லேட்டாக வரும் மதியக்காரியிடம் அத்தை தினமும் கேட்பது. வேறொரு நாளாக இருந்தால் அத்தை சிரித்திருப்பாள்.

"பஸ் இல்லீங்க," என்றாள், மதியக்காரியைப் போலவே பணிந்து. "ஒப்படைங்க."

சிறுமி ஒவ்வொரு துண்டாகக் காட்டிச் சொன்னாள். இது சாப்பிட்டது. இது பாதி வைத்துவிட்டது. இதற்கு மூக்கு ஒழுகுகிறது. பதினொன்றும் முடிந்ததும் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். கிறுக்கல் நிறைந்த நோட்டைக் கம்பி வழியாக நீட்டினாள். அத்தை அதை வாங்கிக்கொண்டதும் சிறுமியின் தோள்கள் இறங்கின.

"யாரது, மிளகா? வந்துட்டியா?" என்றாள் அத்தை, தன் சொந்தக் குரலில். "அன்னிக்கு உன்ன அனுப்பியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது. இதோ, வந்தாச்சுன்னு எழுதிட்டேன்."

மிளகு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தட்டு?"

அப்பா ஓடினார். "கொஞ்சமா, குழைவா," என்று அத்தை பின்னாலேயே சொல்லி அனுப்பினாள். நாலாவது கவளத்தில் மிளகு நிறுத்திவிட்டுத் துண்டுகளைப் பார்த்தாள்.

"அத்தே, இவங்க என்னையே பாக்கறாங்க. கூட்டிட்டுப் போயிடுங்க."

அத்தை நோட்டைப் பிரித்துப் பதினொரு பேரையும் கூப்பிட்டாள். "கையக் கோத்துக்கிட்டு வரிசையா வாங்க," என்றாள். வாசற்படியில் போய் நின்று, பிள்ளைகள் வெளியே வருமளவு பொறுத்துவிட்டு இறங்கினாள். ஜன்னலுக்குள் தட்டில் மறுபடி கை போகும் சத்தம் கேட்டது.

காலித் தெருவில் மெல்ல நடந்தாள், சின்னக் கால்களுக்கு ஏற்ற நடையாக. முனையில் வழக்கம்போல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அங்கே வழக்கமாகத் திரும்பித் தலைகளை எண்ணுவாள். இன்று எண்ணவில்லை. கணக்குச் சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.