ஆளுக்கு எண்பது குதிரை

மாப்பிள்ளை அந்த எலெக்ட்ரிக் காரை வாங்கி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அதை வகுத்துக் காட்டிவிட்டேன். நானூறு குதிரைத்திறன். உட்காரக்கூடியவர்கள் ஐந்து பேர். ஆளுக்கு எண்பது குதிரை.

"நான் ஓட்டுன வைண்டர்ல முப்பது பேர் ஏறுவாங்க மாப்ள. அந்த எஞ்சின்ல எழுதியிருந்தத முப்பதால வகுத்தா ஆளுக்கு இருபது கூட தேறாது. அத வெச்சே அவ்ளோ ஆழத்துக்கு எறக்கி ஏத்துனோம். ஆபீசுக்குப் போய்வர உங்களுக்கு இன்னாத்துக்கு எண்பது?"

மாப்பிள்ளை சிரித்தார். "பெங்களூரு டிராபிக்ல எண்பதும் சேந்து நடந்துதான் போகுது மாமா."

வைண்டர் என்பது தங்கச் சுரங்கக் குழிக்குள் கேஜை, அதாவது ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்றும் எஞ்சின். சுரங்கம் மூடும்வரை இருபத்துநான்கு ஆண்டுகள் நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் கொட்டகையிலிருந்து பார்த்தால் கேஜில் ஏறும் ஆட்கள் தெரிய மாட்டார்கள். மணிதான் பேசும். மூன்று தடவை மணி அடித்தால் ஆட்கள் என்று அர்த்தம். எல்லோரும் ஏறிக் கம்பிக் கதவு சாத்திய பிறகுதான் அடிப்பார்கள். அதுவரை லீவரை அசைக்கக் கூடாது. மணிக்கு மாறாக நான் ஒரு தடவையும் கேஜை அசைத்ததில்லை. இதை ஊரில் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் நான் விடவில்லை. மைசூர் மைன்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் வழியில் பதினேழு வேகத்தடைகள். குழிகளையும் எண்ணினேன், நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலு செகண்டில் தொட்டுவிடும் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த நாலு செகண்டை இந்த ஊரில் எந்தத் தெருவில் வைப்பீர்கள் என்று மடக்கினேன்.

"நைனா, அவர சாப்பிட உடுங்க. குதிரைக்குக் கொள்ளு நீங்களா வைக்கிறீங்க?" என்றாள் மகள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஒருநாள் பெங்களூர் ரோட்டில் மாப்பிள்ளை ஒரு லாரியை முந்தினார். என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வயிறு பின்தங்கிப் போய் மெல்ல வந்து சேர்ந்தது. வைண்டரை விட்டபிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, இவ்வளவு பலம் என் உடம்புக்குத் தெரிந்ததில்லை. வலது கை தானாக ஒரு லீவரைத் தேடியது. "மெதுவா போங்க" என்று அதட்டினேன். இன்னொரு லாரி வராதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். "நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன் மாமா" என்று இறங்கும்போது கேட்டார். "எனக்கு எதுக்கு அந்தப் பேய்?" என்றேன்.

ஆறாவது ஞாயிறு என் மனைவிக்குச் செருப்பு வாங்க எங்கள் வீட்டிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்குப் புறப்பட்டோம். மாப்பிள்ளை ஏ.சி. போட்டுக் காரை ஆனில் வைத்துவிட்டு, மறந்துபோன போனை எடுக்க உள்ளே போனார். நான் ஓட்டுபவரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டீயரிங் பக்கத்துக் குச்சியைக் கீழே தள்ளினால் வண்டி ஓடத் தயார். ஆறு வாரமாக அவர் செய்வதைப் பார்த்து வைத்திருந்தேன். செய்தேன்.

மனைவி வந்து பின்கதவைத் திறந்தாள். "இன்னாங்க, டிரைவர் மாறிட்டாரா?" என்று சிரித்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். கதவு திறந்திருக்கிறது என்று கார் மணியடிக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு. வாசலில் மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்துவிட்டால் நான் இறங்க வேண்டும். மூன்று, நான்கு. ஒரு முழம் நகர்த்திப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். ஐந்து. பிரேக்கிலிருந்து காலை எடுத்து அடுத்ததை அழுத்தினேன். என் பழைய பெட்ரோல் காரில், கிளட்சை விடும்வரை, அந்த அழுத்துக்கு வெறும் உறுமல்தான் வரும்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்முக்கு முன்னால் நின்றது கார். அது பாய்ந்த தூரத்தைப் பிறகொரு நாள் டேப் வைத்து அளந்தேன். பதினோரு அடி.

மனைவி மண்ணில் விழுந்து கிடந்தாள், இடது கையை வலது கையால் பிடித்தபடி. நான் இறங்கி ஓடினேன். அவளைத் தொடுவதற்கு முன்பே என் வாய் பேசிவிட்டது. "வண்டி தானா பாஞ்சிடிச்சி. ஒரு சத்தமும் இல்ல. நான் சும்மா உக்காந்துனு இருந்தேன்." அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கக் குனிந்தேன். இந்த வரிசையை இப்போது என்னால் மாற்றி எழுத முடியாது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி பெஞ்சிலும் நான் அடங்கவில்லை. "நான் சொன்னேனா இல்லியா? யாருக்கு வேணும் நானூறு குதிர?" மகள் தன் கணவர் பக்கம் திரும்பினாள். "ஆன்ல வெச்சிட்டு யாராவது எறங்குவாங்களா? எங்கம்மா போய்ச் சேந்திருந்தா?" மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "தப்பு என்னுதுதான்" என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கார் அவர்கள் வீட்டு முன்னால் உறைபோட்டு நின்றது. மாப்பிள்ளை விடிவதற்கு முன்பே எழுந்து ரயிலில் பெங்களூர் போனார். மகள் அவரோடு ஒழுங்காகப் பேசுவதில்லை என்று தெரிந்தது. எங்கள் வீட்டுக்குச் சமைக்க வந்தபோது அவளே சொன்னாள்: "வித்துடச் சொல்லிட்டேன் நைனா. ஞாயித்துக்கிழமை பாக்க ஆள் வருது. நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்." நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவியால் தலை வாரிக்கொள்ள முடியாது. காலையில் நான்தான் பின்னிவிடுவேன், மகள் வருவதற்கு முன்பு. என் பின்னல் கோணலாகத்தான் வரும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். இருபத்தெட்டாவது நாள், பாதிப் பின்னலில், திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கி அந்த மணி எத்தினி தடவ அடிச்சிச்சி?"

"அஞ்சு" என்றேன்.

சொன்ன பிறகுதான் கை நின்றது. ஒரு சத்தமும் இல்லை என்று நான் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். அவள் மடியில் இருந்த சீப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துப் போட்டாள். பிறகு, "நானும் கேட்டேன். நீங்க எண்ணாம இருந்திருக்க மாட்டீங்க" என்றாள்.

"இத்தினி நாளு ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்தப் புள்ள ரயில்ல நின்னுகினே போய்ட்டு வருது. பின்னி முடிங்க, கை வலிக்கிது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். கார் பார்க்கும் ஆள் மூன்று மணிக்குப் பேட்டைக்கு வருவதாக இருந்தது. ரசத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. மோர் வந்த பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வண்டி தானாகப் பாயவில்லை, பிரேக்கிலிருந்து காலை எடுத்து நான்தான் மிதித்தேன், ஐந்து தடவை மணி அடித்தது, மனைவியின் ஒரு கால் வெளியே இருந்தது எனக்குத் தெரியும்.

மகள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள்.  அவள் என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைதான் பேசினார். "எனக்குத் தெரியும் மாமா. மிதிக்காம அது அப்படிப் பாயாது."

"அப்ப கேட்டிருக்கலாமே மாப்ள. எல்லார் முன்னாலயும் கேட்டிருக்கலாமே."

"எப்டி மாமா? எங்கப்பா இருபது வருசம் நீங்க எறக்குன கேஜ்ல போய்ட்டு வந்தாரு. உங்ககிட்ட போயி, மணி கேட்டும் வண்டிய எடுத்தீங்களான்னு நான் எப்டிக் கேப்பேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பாவும் மற்றவர்களும் கேஜில் நிற்கும்போது என்னைப் பார்த்ததே இல்லை. லீவரில் இருப்பவன் மணிக்குக் கட்டுப்படுவான் என்று நம்பி நின்றார்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நான் என் தப்பை நான்கு வாரம் இந்த மனிதர்மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

மகள் கைகழுவப் போனாள். போகிற வழியில் கணவரிடம், "அந்த ஆளுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அவரோடு அவள் பேசிய முழு வாக்கியம் அன்றைக்கு அதுதான். என்னோடு பேச இன்னும் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

கட்டுப் பிரிக்க அந்தக் காரில்தான் போனோம். மனைவி முன்னால், நான் பின்னால். அவள் இடது கை மெலிந்து வெளுத்திருந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

ஆபீஸ் போய் வருகிறவருக்கு ஆளுக்கு எண்பது குதிரை வேண்டியதில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்தக் குதிரைகளுக்கு ஆசைப்பட்டவன் நான். அந்தச் சரியான கணக்கை என் பொய்க்கு மேல் போர்த்தியவனும் நான். அதனால் ஞாயிறுகளில் அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மாப்பிள்ளையே ஒருநாள், "இன்னா மாமா, குதிரைங்களப் பத்தி ஒண்ணுமே சொல்றதில்ல?" என்று கேட்டார். சோறு போதும் என்று கை காட்டினேன்.