துரையின் நாயும் ஒரு கெட்டில் காபியும்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் எஸ்டேட் துரையின் நாய் செத்துப்போனது.

நாய் செத்ததற்கெல்லாம் ஒரு பத்தியா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மேஜர் என்று அதற்குப் பெயர். எங்கள் எஸ்டேட்டில் துரைக்கு அடுத்த பதவி அதற்குத்தான். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர்கூட அது எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவார். அப்பேர்ப்பட்ட மேஜர் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. ஏன் போயிற்று? அதுதான் இந்த நிமிஷம் வரை எனக்கு விளங்கவில்லை. படித்து முடித்ததும் உங்களுக்கு விளங்கினால் ஒரு கார்டு போட்டுச் சொல்லுங்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகர ஷெட், இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி. அலமாரியில் கொய்னா மிக்ஸ்சர், டிங்சர், விளக்கெண்ணெய். பக்கத்து அடுப்பில் எப்போதும் ஒரு கெட்டில் காபி.

பன்னிரண்டு வருஷமாக இங்கே பாதி வைத்தியம் பார்ப்பது அந்தக் கெட்டில்தான். தேள் கொட்டியதா — காபி. காய்ச்சலில் கண் சொருகுகிறதா — காபி. சாராயம் குடித்து வரப்பில் விழுந்து கிடக்கிறானா — இரண்டு டம்ளர் காபி. விஷம் தின்றவனைத் தூங்கவிடாதே, கெட்டியாகக் காபி கொடு என்று என்னிடமிருக்கும் பழைய வைத்தியப் புத்தகத்திலும் அச்சடித்திருக்கிறது. காபி விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு காபியைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். துரையின் பட்லர் அந்தோணி, மேஜரை ஒரு சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாலு காலும் விறைத்து இழுக்கிறது. கருவிழி மேலே போய்விட்டது. வாயெல்லாம் நுரை.

"கம்பவுண்டர் சார், ஏதாச்சும் செய்யுங்க. துரை வர்றதுக்குள்ள செய்யுங்க."

எனக்கு நாய் வைத்தியம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. தெரியாது என்று சொல்கிற கம்பவுண்டரை எஸ்டேட்டில் யார் மதிப்பார்கள்? அந்தோணியை வாயைப் பிளந்து பிடிக்கச் சொன்னேன். கெட்டிலைச் சாய்த்தேன். ஆறின காபிதான். காலியாகிற வரைக்கும் ஊற்றினேன். மேஜர் இரண்டு தரம் இருமியது. பிறகு இருமவில்லை.

துரை வந்தார். எங்கள் துரைக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. (அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.) அப்படியே தரையில் முழங்காலிட்டு மேஜரின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"விஷம்" என்றார். பங்களாவுக்குப் போய்விட்டார்.

விஷம் என்றால் வைத்தவன் ஒருவன் வேண்டுமே. ஆளுக்கொன்று சொன்னார்கள். பாம்பு என்றார் அந்தோணி. செடிக்கு அடிக்கக் கரைத்து வைத்திருந்த மயில்துத்தத் தண்ணீரைக் குடித்திருக்கும் என்றார் மேஸ்திரி. போன ஞாயிற்றுக்கிழமை மேஜர் சேர்வராயன் கோயில் குகைக்குள் மூக்கை நுழைத்தது, சாமி சும்மா விடுமா என்றார் தோட்டக்காரர். அடிவாரத்துக் காட்டில் எட்டி மரத்துக்கா பஞ்சம், யாரோ எட்டிக்கொட்டையை அரைத்துக் கறியில் வைத்துவிட்டார்கள் என்றார் ரைட்டர்.

துரைக்குப் பிடித்தது ரைட்டர் சொன்னதுதான். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாம்பை வேலையை விட்டு நீக்க முடியாது. சாமியையும் முடியாது. சடையனை முடியும்.

சடையன் எங்கள் எஸ்டேட்டில் காபிச் செடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிற ஆள். பத்து நாளைக்கு முன்னால் மேஜர் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குள் புகுந்து அவருடைய கோழி இரண்டைக் கடித்துப் போட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், அத்தனை பேர் நடுவே நின்று அவர் கத்தியிருக்கிறார்: "இந்த நாயி ஒரு நாளைக்கு வாயைப் பொளந்துக்கிட்டுத்தான் சாவப் போவுது." அதே மாதிரிதான் செத்தது. வாயைப் பிளக்கச் சொன்னது நான் என்பது யாருக்கும் நினைவில்லை.

சனிக்கிழமைக்குள் சடையன் குடும்பத்தோடு லயத்தைக் காலி செய்துகொண்டு மலையிறங்க வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

அன்று மத்தியானமே சடையன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க, கோவத்துல வாயில வந்ததைச் சொன்னது வாஸ்தவமுங்க. வாயில சொன்னா நாயி செத்துப் போயிருமுங்களா?"

"போகாது சடையா."

"எங்கப்பன் காலத்துல மேல ஏறி வந்தவங்க நாங்க. இப்பக் கீழ போன்னா எந்த ஊட்டுக்குப் போறதுங்க? கீழ எங்களுக்கு ஒரு நாதியும் இல்லீங்க. நீங்க கூடவே இருந்தீங்க, நீங்க சொன்னாத் துரை கேப்பாருங்க."

நாளைக்குச் சேலத்திலிருந்து மாட்டு டாக்டர் வருகிறார், அவர் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார், பயப்படாதே என்றேன். பெரிய மனுஷன் தோரணையில் தோளைத் தட்டி வேறு அனுப்பினேன்.

டாக்டர் புதன்கிழமை வந்தார். நான் தட்டு பிடித்துக்கொண்டு நின்றேன். அறுத்துப் பார்த்தால் உண்மை வெளியே வந்து கைகட்டி நிற்கும் என்று நினைத்திருந்தேன். வந்ததோ இவை: ஒரு எலும்புத் துண்டு, நாலைந்து காபிப் பழம், கொஞ்சம் புல், ஒரு கைப்பிடி வெள்ளிக் காகிதம்.

"இதென்ன காகிதம்?" என்றார் டாக்டர்.

அந்தோணி தலையைச் சொறிந்தார். "சீமைச் சாக்லெட்டுங்க. ஈரத்துல பூஞ்சணம் புடிச்சிருந்தது. எறிய மனசு வரலை, காலைல டப்பாவோட மேஜருக்குப் போட்டுட்டேன். வாலை ஆட்டிக்கிட்டுத் தின்னுச்சுங்க."

சாக்லெட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் டாக்டர். சாக்லெட்டாவது விஷமாவது என்று நாங்களும் அதை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

"அப்போ எதனால் செத்தது?" என்றேன்.

"எட்டிக்கொட்டை தின்னாலும் இப்படித்தான் இழுக்கும். எலிப் பாஷாணம், பாம்பு, உண்ணிக் காய்ச்சல், நெஞ்சுல புழு, வெயில்ல ஓடின சூடு... எதுவா வேணுமானாலும் இருக்கலாம். இரைப்பையைச் சென்னைக்கு அனுப்பினா ஒரு மாசத்துல பதில் வரும். வராமலும் போகும்."

அந்தோணி வெந்நீர் கொண்டுவர வெளியே போனதும் டாக்டர் குனிந்து நெஞ்சுப் பக்கம் அறுத்தார். மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

காபி வாசனை.

"இழுப்பு வந்த நாயால விழுங்க முடியாதுய்யா. வாயில எதை ஊத்தினாலும் நேரா நுரையீரலுக்குத்தான் போகும். விட்டிருந்தா பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம். ஆனா கடைசியில மூச்சை அடைச்சது இதுதான்."

தட்டைக் கீழே வைத்தேன். இதைத் துரையிடம் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"துரை என்கிட்டக் கேட்டது விஷமா இல்லையான்னு. தெரியலைன்னு சொல்லிட்டுப் போறேன். காபியைப் பத்தி அவர் கேக்கலை. சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு." கையைக் கழுவிக்கொண்டு டாக்டர் போய்விட்டார்.

எனக்கு ஒரே குழப்பம். நான் சொன்னால் சடையன் தப்பிப்பாரா? அந்த இழுப்பு எதனால் வந்தது என்பது அப்படியேதானே இருக்கிறது? ஒருவேளை சடையன் நிஜமாகவே வைத்திருந்தால்? வைத்திருக்கவில்லை என்றால்? நான் எதற்கு வாயைத் திறந்து என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொள்ள வேண்டும்? இப்படியே இரண்டு வேளைச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் என் மனைவி தட்டைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, பன்னண்டு வருசமா மனுசருக்கு ஊத்தினப்ப வராத யோசனை, நாய்க்கு ஊத்தினதும் வருதாக்கும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

எனக்குச் சட்டென்று மாரியின் ஞாபகம் வந்தது. காபிப் பழம் உரிக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவன். போன வருஷம் இப்படித்தான் நுரை தள்ளிக்கொண்டு தூக்கி வந்தார்கள். நான் காபி ஊற்றினேன். இரண்டு தரம் இருமினான்... வேண்டாம், அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அவன் விதி என்று சொன்னேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

பாருங்கள், பிழைத்தவனையெல்லாம் என் காபி பிழைக்க வைத்தது. செத்தவனையெல்லாம் விதி கொண்டுபோனது. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கணக்கு எனக்கு இடிக்கவேயில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். காலடியில் மேஜர் படுக்கிற கம்பளி, மடிக்காமல் கிடந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மீதி வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எவ்வளவு ஊத்தினே?"

"ஒரு கெட்டில், துரை."

துரை கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார், இன்றே மலையிறங்கு என்பார் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்குக் காலையில் மேஜர் என் குதிரை பின்னாடி ஓடினான்" என்றார். "கரடியூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். நல்ல வெயில். அவன் நாக்கு இவ்வளவு தொங்கிச்சு. வயசான நாய், கம்பவுண்டர். நான் திரும்பிப் பார்த்தேன். குதிரையை நிறுத்தல."

அவருக்கு என்ன பதில் சொல்வது? வெயில் இல்லை, காபிதான் என்று ஆறுதல் சொல்லட்டுமா? காபி இல்லை, வெயில்தான் என்று தப்பித்துக்கொள்ளட்டுமா? அவர் செவ்வாய்க்கிழமை ஏன் அவ்வளவு சீக்கிரம் 'விஷம்' என்றார் என்பது மட்டும் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

"சடையன் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "நீ இனிமே நாய்க்கு மருந்து கொடுக்காதே."

மனுஷருக்குக் கொடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த இழுப்பு எதனால் வந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். 'விஷம்' என்ற ஒரு சொல் விழுந்ததும் நாங்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டோம். துரை, பட்லர், நான் — மூன்று பேருக்கும் அன்று காலை மேஜரோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. அன்று முழுக்க அதன் பக்கமே போகாத ஒரே ஆளின் சட்டி பானையைத்தான் வெளியே வைக்கச் சொன்னோம்.

நேற்றுக் காலை சடையன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று முந்தின நாள் சாயங்காலமே அவருக்குச் சேதி போயிருந்தது. நானும் கதையைச் சொல்லியிருந்தேன், காபி உட்பட. இந்தத் தடவை சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்தார். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"ஏனுங்க, மண்டையிடி நொம்பத் தாங்க முடியலீங்க. மருந்து இருந்தாக் குடுங்க."

அலமாரியைத் திறக்க எழுந்தேன். அவர் அடுப்பு மேலிருந்த கெட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"காப்பியா இருந்தா வேண்டாமுங்க... அதை நான் ஊட்டுலயே குடிச்சுக்கறேன்."