செல்வி அக்கா தோளில் தூங்கிய என் மகன்

செல்வி அக்கா! என் கணவரின் அண்ணன் மனைவியான உனக்குப் பிள்ளை இல்லை. என் மூன்று மாத மகன் குடித்த பாலையெல்லாம் கக்கி இளைத்தபோது, உன் கண் பட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டேன். கள்ளக்குறிச்சி டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைத் தொடவில்லை.

"கொஞ்சங்கொஞ்சமா பால் குடுடி. குடிச்சதும் தூளில போடாத" என்றாய்.

"புள்ள பெக்காத உனக்கு இன்னா தெரியும்? தள்ளிப் போ!" என்றேன்.

நீ அவனைப் பிடுங்கி, தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்தாய். அவன் கக்காமல் உன் தோளிலேயே தூங்கிப்போனான். அன்றிலிருந்து மருந்தும் நீயே கொடுத்தாய். எடை ஏறியதும், "மொளகா சுத்தனதாலதான்" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"சரி, டாக்டர் சொல்ற வரைக்கும் மருந்த நிறுத்தாத" என்று சிரித்தாய்.

அடுத்த வாரமே உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டாய். சாவு வீட்டிலும் உன்னை மலடி என்றார்கள். அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். இதைப் படிக்கிறவர்களே, என்னைத் திட்டுங்கள். என் அக்காவுக்காக மட்டும் எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.