கால் கொடுக்க ஆள் வேண்டும்

திருவெறும்பூரில் எங்கள் பங்குக் கோயிலுக்கு ஆள் சேர்த்தது தொழிற்சாலைதான். வேலை தேடி வந்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தங்கள் ஊர் பக்தியையும் ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். கன்னியாகுமரிக்காரர்கள், கேரளத்தார், தஞ்சாவூர்ப் பக்கத்தார், பொன்மலையிலிருந்து குடிவந்த ஆங்கிலோ இந்தியர்கள் என்று எல்லாரும் உண்டு. சேர்ந்து ஜெபமாலை சொன்னால் கன்னியாகுமரி 'ஆமென்' போட்டு முடித்துவிடும். தஞ்சாவூர் அப்போதுதான் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று பங்குச்சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் பங்கில் எப்போதும் ஆண்கள்தான் உட்காருவார்கள். போன வருஷம் பங்குப் பேரவையில் நான் சும்மா இருக்காமல், "ஏன் ஃபாதர், பொம்பளைங்க எங்க கால்ல மட்டும் தூசி ஒட்டாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "புதன்கிழமைக்குள்ள ஆறு பேரைக் கூட்டிட்டு வாங்கம்மா, கழுவிடலாம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இடம் கொடுத்துவிட்டார், கால்தான் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியாகுமரி அக்கா கையை உதறினாள். "எங்க ஊர்ல சாமியாரப் பாத்தா முழங்கால் போட்டுக் கும்பிடுவோம். அவரு என் காலத் தொட்டா நான் வெளங்குவேனா?" நர்ஸ் வேலை பார்க்கும் கேரளத்துப் பெண், "தினமும் நான்தானே சேச்சி மத்தவங்களைக் கழுவுறேன், எனக்குக் கழுவினா கூச்சத்துல ஓடிடுவேன்" என்றாள். பொன்மலை ஆன்ட்டி ஒருத்திதான் யோசித்தாள். நெயில் பாலிஷ் வாங்க நேரம் வேண்டுமாம்.

பேரவைச் செயலாளருக்கு ஒரே கொண்டாட்டம். "கேட்டு வாங்கினீங்க, இப்பக் காலைக் காட்ட மாட்டேங்கிறீங்க. வழக்கம்போல நாங்களே உக்காந்துக்குறோம், விடுங்க." புதன்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் இனி நான் பேரவையில் வாயே திறக்க முடியாது.

மன்னார்புரத்தில் என்னோடு சேர்ந்து தையல்கடை நடத்துகிற மாமி, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவரிடம் புலம்பினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லார் காலையும் கேக்கறயே, உன் கால் எங்கடி?"

"என் குதிகாலப் பாருங்க மாமி. தண்ணி வத்தின கொள்ளிடமாட்டம் வெடிச்சுக் கெடக்கு."

"அழுக்கைத்தானே கழுவுவா. நாங்க பெருமாள் திருவடின்னு, பட்டர் தலைல வைக்கற சடாரிக்குக் குனிஞ்சுண்டு நிக்கறோம். ஒரு நொடி தலைல பட்டா அன்னிக்கெல்லாம் அதே நெனப்பு. உங்காத்துல சுவாமி உன் காலைத் தேடிண்டு வரார், வேண்டாங்கற. கொழுப்பு."

ஊருக்குத்தான் உபதேசம் என்று அவர் சொல்லவில்லை, எனக்கே கேட்டது.

புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடியதும், "முதல் கால் என்னோடது" என்றேன். கன்னியாகுமரி அக்கா, "சரி, நான் உங்க பக்கத்துல உக்காருதேன். பாவம்னா ஆளுக்குப் பாதி" என்றாள். அதற்கப்புறம் கால்களுக்குப் பஞ்சமில்லை.

வியாழக்கிழமை பூசைக்கு முன்னால் ஆறு பேரும் துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்க்காத குறையாகக் காலைக் கழுவிவிட்டுத்தான் வந்தோம். கழுவ வருகிறவருக்குத் தூசி மிச்சம் வைக்கவில்லை.

ஃபாதர் துண்டைக் கட்டிக்கொண்டு முதலில் என் முன்னால் மண்டியிட்டார். ஒரு பெரிய மனுஷர் காலைத் தொட்டால் சும்மா உட்கார்ந்திருக்க உடம்பு பழகவில்லையே. அவர் குனிய, நானும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிய, இரண்டு தலையும் 'ணங்' என்று மோதிக்கொண்டன. அவர் அங்கியில் மாட்டியிருந்த மைக் அதைக் கோயில் முழுக்கக் கேட்கவைத்தது.

"அம்மா," என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டு, "காலை மட்டும் குடுங்க. போதும்."

அதுவும் மைக்கில் போனது. கோயில் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவர் என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திச் செம்புத் தண்ணீரை ஊற்றினார். வெடிப்பில் சுருக்கென்றது. காலை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

வழக்கத்தில் வலது காலை மட்டும்தான் கழுவுவது. அக்காவுக்குப் பதற்றத்தில் அது மறந்துபோனது. இரண்டு காலையும் நீட்டிவிட்டாள். ஃபாதர் பார்த்தார், இரண்டையும் கழுவினார். அடுத்து நர்ஸ் பெண்ணும் இரண்டை நீட்டினாள், அதற்கடுத்து சிவப்பு நகங்களோடு ஆன்ட்டியும். பெண்கள் வரிசை முடிவதற்குள் செம்பு காலி. பூசைக்கு உதவுகிற உபதேசியார் குழாயடிக்கு ஓடினார். ஆண்கள் வரிசையில் முதலில் இருந்த செயலாளர், அவர் வரும்வரை வேட்டியை உயர்த்திப் பிடித்தபடி ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.